திரைவழியே ஜப்பானியக் கலை வரலாறு

அயல்நாட்டுக் கலை வரலாற்றை ஆராய முற்படும் மாணவர்க்குப் பொருள்வசதியின்மையே பெருந்தடை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஜப்பானியக் கலையைப் பொறுத்தவரை அத்தடை இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது எனலாம். டோக்கியோ, கியோட்டோ, நாரா, கியூஷு தேசிய அருங்காட்சியகங்களின் அரும்பொருள்களைக் ‘கோல்பேஸ்’ என்னும் ஒரே இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம், ஆங்கிலத்திலும் தேடலாம். 2020-இல் முறையாகத் தொடங்கப்பெற்ற ‘ஜப்பான் சர்ச்’ அந்நாட்டு நூலகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் ஒருசேரத் துழாவித் தருகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமோ 2017 முதல், உரிமைக்காலம் கடந்த படைப்புகளின் படங்களை எவரும் எடுத்தாள இசைவளித்துள்ளது.

இத்துணை வாயில்கள் திறந்திருந்தும், பொதுத் தேடலில் முதலில் வந்து விழும் படத்தையே எடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிடும் பழக்கம் பெருகி வருகிறது. அப்படத்திற்கு அளவு இராது. அது எந்த அருங்காட்சியகத்துப் படி என்ற குறிப்பும் இராது. ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1831-இல் மரக்கட்டை அச்சாக வெளிவந்த அதற்கு மூலம் என்று ஒற்றைத் தாள் கிடையாது. ஒரே கட்டைகளிலிருந்து படிகள் பல எடுக்கப்பட்டன. கட்டை தேயத் தேயக் கோடுகள் அறுந்தன. தலைப்பைச் சூழ்ந்த கட்டத்தின் கோடு முறியாதிருப்பது முற்பட்ட படிக்கு ஓர் அடையாளம். சுவடிக்குச் சுவடி பாடபேதம் பார்த்துப் பழகிய நம் துறை மாணவர்க்கு இவ்வேலை புதிதன்று. ஜான் ரெசிக் என்பார் 2012-இல் அமைத்த ‘உகியோ-ஏ’ தேடுதளம் பல அருங்காட்சியகங்களின் படிகளை அருகருகே நிறுத்திக் காட்டுகிறது.

பெயரிலும் விழிப்பு வேண்டும். ஹொகுசாய் தம் வாழ்நாளில் முப்பது பெயர்களுக்குக் குறையாமல் சூடியவர்; சோரி, தைதோ, மாஞ்சி எல்லாம் அவரே. ஆங்கில எழுத்துகளில் நெட்டுயிரும் பலவேளை குறிலாகிவிடும். (நம் எழுத்தில் அக்குறை இல்லை!) ஆதலின் அருங்காட்சியகக் குறிப்பிலுள்ள ஜப்பானிய எழுத்துகளையே படியெடுத்துத் தேடுவது நலம். மொழி தெரியாதவரும் இதனைச் செய்யலாம்.

எனக்குள்ள கவலை வேறொன்று. அச்சுப்படங்களே திரையில் மலிந்து கிடப்பதால், ஜப்பானியக் கலை என்றாலே அலையும் மலையும் அழகியருமே என்று மாணவர் முடிவு கட்டிவிடக்கூடும். கோயில்களில் உறையும் பழம்படைப்புகள் அத்துணை எளிதில் அகப்படுவதில்லை. நாராவுக்கு அண்மையிலுள்ள ஹோரியூ-ஜி பௌத்தக் கோயிலின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசப்படுபவை. 1949 ஜனவரியில் அவை தீயிற் கருகின. அத்துயரின் விளைவாகவே மறு ஆண்டில் ஜப்பானில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. நல்வாய்ப்பாக, 1935-இலேயே அவ்வோவியங்கள் பகுதி பகுதியாகக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடிக்கப்பட்டிருந்தன. அத்தகடுகள் 2020-இல் இணையத்தில் பார்வைக்கு வந்தன. கருகுவதற்கு முன்னிருந்த கோடுகளின் ஓட்டத்தை இங்கிருந்தே பெருக்கிப் பார்க்கலாம்; சுவரின் வெடிப்புகூடத் தெரிகிறது.

ஒப்பிலக்கியத்தில் தேர்ந்த மாணவர் எவரேனும் ஒப்பியல் கலை ஆய்வில் இறங்க விரும்பினால், பேரலையைச் சற்றே ஒதுக்கி வைத்து, அஜந்தாவின் போதிசத்துவரையும் ஹோரியூ-ஜியின் போதிசத்துவரையும் அடுத்தடுத்து வைத்துத் தொடங்கலாம்.