சோடாவைக் கரண்டியால் கொட்டாதீங்க, பவளத்தைக் கடலில் விடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

எங்கட ஊர்ப் பக்கம் வீட்டில் உப்புத்தண்ணித் தொட்டி வைக்கும் ஆசை பரவுது. என்னட்டப் படிச்ச ஒரு தம்பி பவளத்துண்டு ஒன்றைத் தொட்டியில் வைத்தார். "சேர், கல்லுதானே, சுண்ணாம்புச் சத்துக் குறைஞ்சா அப்பச்சோடா ரெண்டு கரண்டி போட்டாச் சரி" என்றார். மூன்று கிழமையில் பவளம் வெளுத்துச் செத்துப் போனது.

பவளம் வெறும் கல்லல்ல, உயிர். தண்ணீரிலிருக்கும் கல்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துத்தான் அது தன் எலும்பைக் கட்டுகிறது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கடலில் குறைந்தால் தெரியாது, தொட்டியில் நாளுக்கு நாள் குறையும்.

கணக்கைப் பாருங்க. தொட்டியில் 100 லீற்றர் தண்ணீர். எதுவும் சேர்க்காமல் அளக்கிறீங்க, காரத்தன்மை 8.5 டிகிரி. இரண்டு நாள் கழித்து அதே நேரம் அளந்தால் 7.5. அப்போ ஒரு நாள் செலவு 0.5 டிகிரி. 100 லீற்றரில் ஒரு டிகிரி ஏற்ற 3 கிராம் அப்பச்சோடா வேணும், ஆகவே நாளுக்கு 1.5 கிராம். ஒரு டிகிரி செலவானால் கூடவே லீற்றருக்கு 7 மில்லிகிராம் கல்சியமும் போகும். அரை டிகிரிக்கு 3.5, 100 லீற்றருக்கு 350 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் நீரேறிய கல்சியம் குளோரைட்டில் அது ஏறக்குறைய 1.3 கிராம்.

தம்பி போட்ட இரண்டு தேக்கரண்டி சோடா சுமார் 10 கிராம். காரத்தன்மை ஒரே அடியில் 3 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். கல்சியத்தையும் அதே நேரம் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். இரண்டையும் தனித்தனியா, நேரம் விட்டுத்தான் போடணும்.

"சேர், இவ்வளவு கணக்கா?" என்று கேட்பீங்க. ஓம், இவ்வளவுதான். ஒரு துண்டுக்கே தராசும் டெஸ்ட் கிட்டும் வேணும். கடல் இதைக் கூலி இல்லாமச் செய்யுது. பிறகு ஏன் உடைச்செடுத்து வாறீங்க? கல் பவளம் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26ஐ நம் கரையில் யாரும் மறக்கேல்ல. தெற்கே ஹிக்கடுவையில் பவளப்பாறை காக்கப்பட்ட இடத்தில் அலை தாழ்ந்தது. சில கிலோமீற்றர் தள்ளி, பவளம் வெட்டியெடுத்த பெரலியப் பக்கம் அது மிக உயர்ந்து உள்ளே புகுந்தது. ரயிலையே புரட்டியது அந்த இடத்தில்தான். ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதினார்கள்.

தொட்டி வைக்க ஆசையா? மீனை வைங்க. பவளத்தைக் கடலில் விடுங்க. சுண்ணாம்புக் கணக்குத் தெரியாமக் கல்லை உடைக்கிறவர், கரையின் கதவை உடைக்கிறவர்.

பிழை இருந்தாச் சொல்லுங்க, திருத்துறன். ஷெயார் பண்ணுங்க, தொட்டி வைத்திருக்கும் தம்பிமாருக்குப் போய்ச் சேரட்டும்.