நூலகரும் படிக்க வேண்டும்!

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால், பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் நர்சுக்குச் சந்தேகம் வந்தால், டாக்டரைக் கேட்கலாம். கிராமத்து நூலகர் யாரைக் கேட்பார்?

ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் வேலை பார்க்கிறார். கதவைத் திறப்பவர் அவர். புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் அவர். கணக்கு எழுதுபவரும் அவரே. பேச்சுத் துணைக்குக்கூட இன்னொரு நூலகர் கிடையாது.

இப்படித் தனியாக இருப்பவருக்குக் கைபேசி நல்ல துணை. வாட்ஸ்அப்பில் நூலகர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கொண்டால், ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும். அதுவே பெரிய பயிற்சி.

விவசாயி கேட்டால்...

ஓர் உதாரணம் பார்க்கலாம். சம்பா பயிரில் ஆனைக்கொம்பன் ஈ தாக்கி இருக்கிறது. குருத்து வெங்காயத் தாள் போல் ஆகி விட்டது. இனி அதில் கதிர் வராது. மற்றப் பயிரையாவது காப்பாற்ற வேண்டுமே என்று விவசாயி நூலகத்துக்கு வருகிறார். அங்கே அதற்குப் புத்தகம் இல்லை.

"இல்லை" என்று சொல்லி அனுப்பி விட்டால், அவர் மறுபடி வர மாட்டார். நூலகர் குழுவில் கேட்டால், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருப்பவர் வழி சொல்வார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்தும் சொல்லலாம். பயிர் பிழைக்கும். நூலகத்தின் மதிப்பும் உயரும்.

32 வயதில் படித்தவர்

"இந்த வயதில் இதை எல்லாம் கற்க முடியுமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ம் ஆண்டு, 32-வது வயதில், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு லண்டன் சென்று படித்தார். அங்கே ஒரு கடையில் பிள்ளைகள் பூட்டி விளையாடும் இரும்புத் துண்டுகளைப் பார்த்தார். புத்தகங்களை வகைப்படுத்தும் புது முறைக்கு அதிலிருந்து யோசனை பிறந்தது!

1929-ம் ஆண்டிலேயே சென்னையில் நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்க முன்னின்றவரும் அவர்தான். 1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில், ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அன்று கையில் இருந்த சாதனம் மாட்டு வண்டி. இன்று கைபேசி. படிப்பு மக்களைத் தேடிப் போக வேண்டும் என்ற நோக்கம் ஒன்றே.

பொறுப்பு யாருக்கு?

ஆனால், குழுவில் பெயரைச் சேர்த்து விட்டால் பயிற்சி முடிந்து விடாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். வேலை நேரத்திலேயே கற்க அனுமதிக்க வேண்டும். இணையச் செலவை நூலகரின் தலையில் கட்டக் கூடாது. மக்கள் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள். அந்தப் பணம் இதற்கும் பயன்படட்டும்.

குழுவில் மேலதிகாரியின் உத்தரவுகள் மட்டும் வந்து கொண்டிருந்தால் பயன் இல்லை. கேள்வி கேட்பவரைக் கேலி செய்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

நூலகர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. வந்த செய்தியை எல்லாம் அப்படியே பரப்பக் கூடாது. சரிதானா என்று பார்த்த பிறகே வாசகரிடம் சொல்ல வேண்டும். யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதைக் குழுவில் போடவே கூடாது. அது வாசகரின் சொந்த விஷயம்.

வாய்க்காலைத் தூர் வாராவிட்டால், மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வராது. நூலகருக்குப் பயிற்சி கொடுக்காமல் புத்தகத்தை மட்டும் வாங்கி அடுக்குவதும் அப்படித்தான்!