அடுத்த பருவமேனும்...

ஆசைக்கு அளவில்லை என்பார்கள். அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்துப் பேஸ்பால் ரஸிகர்களோ, ஆசைக்கு மூப்பும் இல்லை என்று காட்டி வருகிறார்கள்.

அந்நகரின் 'மாரினர்ஸ்' கோஷ்டி 1977-ல் களம் புகுந்தது. முப்பது பெரிய கோஷ்டிகளுள், 2025 முடிய, 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் போட்டியை ஒரு முறையேனும் எட்டாதது இஃதொன்றே. 2001-ல் 162 ஆட்டங்களில் 116-ஐ வென்றும், நியூயார்க் 'யாங்கீஸ்' வழிமறித்து விட்டனர்.

2025-ல் காலம் கனிந்ததாகவே தோன்றிற்று. டொரொன்டோவில் நடந்த ஏழாவது பந்தயத்தில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னணியில் நின்றார்கள். இன்னும் எட்டுப் பேரை அவுட்டாக்கினால் போதும்! அந்தோ, ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் ஒரே அடியில் மூன்று ஓட்டங்கள் போயின, கனவும் போயிற்று.

ஆயினும் ரஸிகர் மனம் தளரவில்லை. அவ்வருஷம் அறுபது 'ஹோம் ரன்' அடித்த கால் ராலி, ஆறாண்டு ஒப்பந்தம் செய்திருக்கிறார் அல்லவா? ஜப்பானியரால் அமெரிக்கப் பந்துவீச்சை எதிர்த்து மட்டை பிடிக்க இயலுமா என்று பலர் ஐயுற்ற காலத்தில் வந்த இச்சிரோ, இதே கோஷ்டியில் நின்று 2004-ல் 262 'ஹிட்'கள் அடித்து, 84 வருஷத்துச் சாதனையை முறியடிக்கவில்லையா?

1977-ல் தகப்பனார் கைப்பிடித்து ஆட்டம் பார்க்கப் போன சிறுவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்கள் வேண்டுவது வெற்றிக் கோப்பைகூட அன்று. அந்த இறுதிப் போட்டியைத் தம் ஊர் மைதானத்தில் ஒரு முறை கண்ணாரக் காண வேண்டும், அவ்வளவே. அடுத்த பருவமேனும் அவர்களுக்கு அந்தப் பாக்கியத்தை அளிக்குமாக!