ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி

தலைவலி என்று டாக்டரிடம் போகிறோம். எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். தலைவலிக்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. நாம் தேடிப் போகாத சமாசாரம் ஒன்று அகப்படுகிறது. "மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கிறதம்மா" என்கிறார். அன்று இரவு அந்த வீட்டில் யாருக்காவது தூக்கம் வருமா?

இதற்கு 'அனூரிஸம்' என்று பெயர். சைக்கிள் டியூபில் ஓரிடம் நைந்து போனால், காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் கொழுக்கட்டை மாதிரி உப்பிக் கொள்கிறதல்லவா? அதே சங்கதிதான். வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்து விடுகிறார்கள். வெடித்தால்தான் விபரீதம்.

"அப்படியானால் வெடிப்பதற்கு முன்பே ஆபரேஷன் செய்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இங்கிலாந்து நடிகை எமிலியா கிளார்க் 2019-ல் எழுதிய சொந்த அநுபவத்தைப் படிக்கும் வரையில்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டெலிவிஷன் தொடரில் நடித்தவர் அவர். 2011-ல், 24 வயதில், லண்டனில் தேகப் பயிற்சி செய்து கொண்டிருந்தபோது ஒரு புடைப்பு வெடித்து, சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். மூளையின் மறுபக்கம் இன்னொரு புடைப்பு இருந்தது. சிறியதுதான், கவனித்துக் கொண்டிருப்போம் என்றார்கள் டாக்டர்கள். 2013-ல் நியூயார்க்கில் ஸ்கேன் எடுத்தபோது அது இரண்டு மடங்காகியிருந்தது. சுலபமான சிகிச்சைதான், போன தடவையைவிட எளிது என்று சொல்லித்தான் ஒப்புக் கொள்ள வைத்தார்கள். கண் விழித்தபோது வலி தாங்காமல் கதறினாராம். சிகிச்சை பலிக்காமல் மூளைக்குள் ரத்தம் பெருகிவிட்டது. உடனே மண்டை ஓட்டைத் திறந்து மறுபடியும் ஆபரேஷன்!

வளர்ந்து கொண்டிருந்த புடைப்பைச் சும்மா விட்டிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். 'சுலபம்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது.

சிகிச்சை பெரும்பாலும் இரண்டு விதம். தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவது ஒன்று. மண்டை ஓட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில், துணி உலர்த்தப் போடுகிறோமே அது போல, ஒரு குட்டிக் கிளிப் போடுவது மற்றொன்று. கிளிப் பக்கத்திலுள்ள மயிரிழைக் குழாயையும் சேர்த்துக் கவ்விவிடலாம். கம்பிச் சுருளில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நகர்ந்து போய் வேறிடத்தை அடைக்கலாம். அடைத்த இடத்துக்கு அப்பால் ரத்தம் போகாது. அதுதான் பக்கவாதம். புடைப்பே கிழிந்தால் ரத்தப் பெருக்கு. அதுவும் பக்கவாதத்தில் ஒரு வகையே.

2019-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கெடுத்தார்கள். வெடிக்காத புடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களில், கம்பிச் சுருள் போன்ற குழாய் வழிச் சிகிச்சையில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கும், மண்டையைத் திறந்து செய்வதில் சுமார் 8 பேருக்கும் சிக்கல் ஏற்பட்டிருந்தது. உயிரிழந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2003-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், முன்பக்கத்து ரத்தக் குழாயில் 7 மில்லி மீட்டருக்குக் குறைந்த புடைப்புள்ளவர்களில், அதற்குமுன் ரத்தக் கசிவே ஏற்படாத ஒருவருக்கும் ஐந்து வருஷத்தில் அது வெடிக்கவில்லை. பின்பக்கத்தில் 25 மில்லி மீட்டரும் அதற்கு மேலும் இருந்தவர்களிலோ பாதிப் பேருக்கு வெடித்தது! சிறியது வெடிக்கவே வெடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் எல்லாப் புடைப்பும் ஒன்றல்ல.

ஆகவே டாக்டரிடம், "செய்தால் எனக்குப் பக்கவாதம் வர எவ்வளவு வாய்ப்பு? செய்யாவிட்டால் வெடிக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் கையால் இத்தகைய ஆபரேஷன் எத்தனை நடந்திருக்கிறது என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார். பொறுத்துப் பார்ப்போம் என்று அவர் சொன்னால், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக் கொண்டு, சொன்ன தேதியில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் சிகரெட் பிடிப்பவருக்குப் புடைப்பு இருந்தால், அன்றே விட்டாக வேண்டும்.

சிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ, கஷாயம் வைத்துப் பார்க்கும் வேலையே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் நடந்ததையும் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால், பல் பிடுங்க வேண்டுமென்றாலும், ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. வெளிப் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் 'கரண்டி' என்ற சொல் நாக்கில் வராமல் மருமகள் திண்டாடுவாள். மத்தியானமே அசந்து போவாள். சோம்பல் என்று எண்ணி விடாதீர்கள், மாமியார்மார்களே! அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பேச்சுக்கென்றே பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எமிலியாவுக்கு முதல் சிகிச்சைக்குப் பிறகு தம்முடைய முழுப் பெயரே வாயில் வரவில்லை. சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் பேச்சுத் திரும்பியது.