ஒருநாளும் கடையை மூடாதவர்

பாச்சலூரில் எனக்குப் பழக்கமான டீக்கடைக்காரர் ஒருவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பெயர் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வேலை நிமித்தமாக நான் அங்கே தங்கியிருந்த நாட்களில் காலை டீ அவர் கடையில்தான்.

துக்கம் விசாரிக்கப் போனபோது கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "ஒருநாள்கூட கடையை மூடினதில்ல சார். குடும்பத்துக்காகவே உழைச்ச மனுஷன்." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மார்கழிக் குளிரில், ஒட்டன்சத்திரம் பஸ் வடகாடு வழியாக மலையேறி வருவதற்கு முன்பே அவர் அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். காப்பித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் போகிறவர்கள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று குடித்துவிட்டுத்தான் போவார்கள். பாதிப் பேருக்குக் கடன்தான். பழம் பறித்துக் கூலி கைக்கு வந்ததும் கொடுப்பார்கள், அவரும் கேட்க மாட்டார். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார், கல்யாணமும் செய்துவைத்தார்.

பின்பக்கம் வடைக்கு மாவு ஆட்டியதும், கிளாஸ் கழுவியதும், கடன் கணக்கை மனசில் வைத்திருந்ததும் அவர் மனைவி. போஸ்டரில் அந்த அம்மாவின் உழைப்புக்கு இடமில்லை. நான் கிளம்பும்போது அவர் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "நான் கடலைப் பாத்ததே இல்ல சார். ஒரு தடவை ராமேஸ்வரம் போலாம்னு கேட்டேன். அடுத்த வருஷம்னாரு."

இதைச் சொல்லும்போது கொச்சியில் டீக்கடை நடத்திய கே.ஆர். விஜயன் நினைவுக்கு வருகிறார். கடவந்திராவில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்னக் கடை. அவரும் மனைவி மோகனாவும்தான் எல்லா வேலையும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அந்தக் காசு போய்விடும் என்று அதையும் தவிர்த்தார்கள். தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். கடையை அடைத்துவிட்டு இரண்டு பேருமாக வெளிநாடு போவார்கள். திரும்பி வந்து டீ விற்றுக் கடனை அடைப்பார்கள். இப்படியே 26 நாடுகள். 2019இல் ஆனந்த் மகிந்திராவின் உதவியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போய் வந்தார்கள். கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யா. அங்கிருந்து திரும்பிய சில வாரங்களில், நவம்பர் 19 அன்று, விஜயன் மாரடைப்பால் இறந்தார்.

கடன் வாங்கி ஊர் சுற்றியவரைக் குடும்பஸ்தர் என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்கலாம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சக்திக்கு மீறிக் கடன் வாங்குகிறோம். அதை யாரும் குறை சொல்வதில்லை. விஜயன் தம் பெண்களையும் கரை சேர்த்துவிட்டுத்தான் போனார். கூடவே உழைத்தவளைக் கூடவே கூட்டிக்கொண்டும் போனார். என் கணக்கில் அவர்தான் முழுக் குடும்பஸ்தர்.

அதற்காக அண்ணாச்சி மேல் பழி போட மாட்டேன். கொச்சி நகரத்துக் கடை வேறு, மலை ஊர்க் கடை வேறு. இங்கே இரண்டு நாள் மூடினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. உண்மையில் குற்றம் எங்களுடையது. சொந்தத்தில் ஏதோ காரியம் என்று அவர் ஒரே ஒரு நாள் கடையை அடைத்தார். மறுநாள் காலை, "என்ன அண்ணாச்சி, நேத்து டீ இல்லாம அலைய விட்டுட்டீங்களே" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். தப்பு செய்தவர் மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு நான் அங்கிருந்தவரை கடை மூடியதாக நினைவில்லை. அந்த ஒருநாளை மறந்துவிட்டுத்தான் 'ஒருநாளும் மூடாதவர்' என்று பிற்பாடு பட்டம் கொடுத்தோம்.

கடையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு வாரம் ஒருநாள் விடுமுறை என்று 1947ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. முதலாளியும் தொழிலாளியுமாக ஒரே ஆள் இருக்கும் கடையில், அவருக்கும் அவர் மனைவிக்கும் யார் லீவு கொடுப்பது? வாடிக்கையாளர்கள்தான் கொடுக்க முடியும். ஊரில் இரண்டு மூன்று டீக்கடை இருந்தால் மாதத்தில் ஒருநாள் முறை வைத்து அடைக்கலாம். அன்றைக்கு நாம் பக்கத்துக் கடையில் குடித்துவிட்டு, மறுநாள் வாய் திறக்காமல் பழைய கடைக்கே திரும்ப வேண்டும். அதிகம் ஒன்றும் கேட்கவில்லையே.

நான் பென்ஷன்காரன். சர்வீசில் இருந்தபோது மாதாமாதம் சம்பளமும் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அப்படிப்பட்டவன்தான் அண்ணாச்சியின் ஒருநாளைக் கணக்குப் பார்த்தேன். அந்த அம்மாவை அவர் பிள்ளைகள் ராமேஸ்வரம் கூட்டிப்போனார்களா என்று அடுத்த முறை மலையேறும்போது கேட்க வேண்டும்.