ஓடிப்போனவங்க இல்லைங்க



"வெளிநாட்டுக்கு ட்ரெயினிங் போற பசங்களுக்கு மனத்திடம் இல்ல, அதான் பாதியிலேயே ஓடிடுறாங்க" என்று சொல்பவர்களுக்கு, ஒரு மருத்துவராக என் பதில்.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 1993 முதல் "தொழில்நுட்பப் பயிற்சி" என்ற பெயரில் அயல்நாட்டு இளைஞர்களை அழைக்கிறது. 2023 இறுதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பாதிப்பேர் வியட்நாமியர். 2017இல் இந்தியாவும் இதற்காக ஒப்பந்தம் போட்டது.

பலர் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிட்டுத்தான் விமானமே ஏறுறாங்க. போன இடம் பிடிக்கலைன்னா கம்பெனி மாற முடியாது. அடி, சம்பள பாக்கி என்றால் மாற விதி உண்டு. ஆனால் அதை நிரூபிக்கணுமே, யாரோட மொழியில?

2023இல் மட்டும் 9,700க்கும் அதிகமானோர் பணியிடத்தை விட்டுக் காணாமல் போனார்கள். இத்தனை பேருக்குமா மனத்திடம் இல்லை?

தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுவலி... வாய் பேச முடியாததை உடம்பு பேசும். காலில் தைத்த முள்ளை எடுக்காமல் வலி மாத்திரை மட்டும் கொடுப்பது வைத்தியமா? கவுன்சிலிங் கட்டாயம் வேண்டும். கூடவே வெளியேறும் உரிமையும் வேண்டும்.

2024இல் ஜப்பான் சட்டத்தை மாற்றியது. 2027இல் வரும் புதிய திட்டத்தில், ஓரிரு வருடம் கழித்து, நிபந்தனைகளோடு அதே துறையில் வேறு கம்பெனிக்கு மாறலாம். வரவேற்கிறேன். ஆனால் அந்த முதல் வருடம்தானே ரொம்பக் கஷ்டம்?

உங்க வீட்டுப் பிள்ளை போயிருந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்காதீர்கள். "தூங்குறியா? சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். "கடனை நாம பார்த்துக்கலாம், முடியலைன்னா வந்துடு" என்று சொல்லுங்கள்.

அதுதான் முதலுதவி.