ரெண்டு நோட்டு எழுதுவதற்குப் பெயர் ஆடிட் இல்லை

நண்பர்களே, என் பழைய மாணவர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாகப் படித்துவிட்டு என்னோடு சண்டை போடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் பி.காம். முடித்த பிள்ளைகளிடம் "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "ஷூ கம்பெனியில ஆடிட் பார்க்கறேன் சார்" என்று சிலர் சொல்வார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த கேள்வி கேட்டால் அந்தச் சந்தோஷம் போய்விடும். பையர் அனுப்புகிற ஆடிட்டர் வரும் தேதி தெரிந்ததும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை மறுபடி எழுதுவது, ஓ.டி. நேரத்தைக் குறைத்துக் காட்டுவது, தேதி முடிந்த தீயணைப்பு சிலிண்டரில் புது அட்டை தொங்கவிடுவது, யாராவது கேட்டால் என்ன பதில் சொல்லணும் என்று தொழிலாளிக்குப் பாடம் நடத்துவது. இதற்குத்தான் அந்தப் பெயர்.

மேல்நிலைப் பள்ளியில் 30 வருடத்துக்கு மேல் கணக்குப்பதிவியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இது ஆடிட் இல்லை, ஆடிட்டைக் கொல்கிற வேலை. பற்று எது வரவு எது என்று கற்றுக்கொண்டு போன பிள்ளையை, பொய்க்கு அழகான கையெழுத்து போடுகிறவனாக மாற்றுகிறோம். 10 வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்கு என்ன திறமை மிஞ்சும்? வேறு ஊரில் போய் எந்த வேலையைக் கேட்பான்?

எல்லாக் கம்பெனியையும் சொல்லவில்லை. நேர்மையாகப் பதிவேடு வைத்திருக்கும் முதலாளிகள் இங்கே உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய ஆட்களை நம் ஊர் உருவாக்கவில்லை.

ஆசிரியர் பாஷையில் சொல்கிறேன். பையர் ஆடிட் பொதுத்தேர்வு மாதிரி. உள் தணிக்கை, அதாவது இன்டர்னல் ஆடிட், மாதத் தேர்வு மாதிரி. மாதத் தேர்வில் 40 மார்க் வாங்கினால் யாரும் சாகப் போவதில்லை. எந்தப் பாடத்தில் ஓட்டை என்று தெரியும், அடைத்துக்கொள்ளலாம். உள் தணிக்கை அறிக்கை பையருக்குப் போவதில்லை, முதலாளிக்குப் போகிறது. அதிலேயே பொய் எழுதச் சொல்லும் முதலாளி யாரை ஏமாற்றுகிறார்? தன்னைத்தானே.

"உண்மையை எழுதினா ஆர்டர் போயிடும் சார்" என்பார்கள். கராச்சியைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் துணி ஆலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னலுக்குக் கம்பி, வெளியேறும் கதவுக்குப் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. சான்றிதழ் கதவைத் திறக்கவில்லை.

கராச்சி வரை போவானேன்? 2015 ஜனவரி 31 விடியற்காலையில், நம்ம ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில், தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "இந்தத் தொட்டி எவ்வளவு தாங்கும், இப்போது எவ்வளவு இருக்கிறது, பக்கத்தில் யார் படுக்கிறார்கள்?" இந்த மூன்று கேள்வியை முன்கூட்டிக் கேட்டு, பதிலை எழுதி, மேலே இருப்பவர் மேஜையில் வைப்பதுதான் உள் தணிக்கையாளர் வேலை. கணக்குப் புத்தகம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

நம் தொழில் இந்தப் பாடத்தைப் பலமுறை அடிபட்டுப் படித்திருக்கிறது. 1989இல் ஜெர்மனி பி.சி.பி. என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்தைத் தடை செய்தபோது இங்கே தோல் ஏற்றுமதி ஆட்டம் கண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2015 மே முதல் ஐரோப்பாவில் தோல் பொருளில் குரோமியம் 6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாலாறு வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் வெளியே இருந்து ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் விழித்துக்கொள்கிறோம். உள்ளே இருந்து சொல்ல ஆள் வேண்டாமா?

அடுத்த பொய்: "ஆடிட்டுன்னா சி.ஏ. படிக்கணும், நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் வராது." பெற்றோர் சொல்வது போகட்டும், வாத்தியார்களே சொல்கிறார்கள். 2013ஆம் வருட கம்பெனிச் சட்டத்தின் 138ஆம் பிரிவைப் படியுங்கள். பட்டயக் கணக்கர், அடக்கவிலைக் கணக்கர், அல்லது இயக்குநர் குழு முடிவு செய்யும் வேறு தொழில் வல்லுநர் உள் தணிக்கையாளர் ஆகலாம். கம்பெனியின் ஊழியராகவும் இருக்கலாம். தனியார் கம்பெனி என்றால், ஆண்டு விற்றுமுதல் 200 கோடியைத் தொட்டாலோ கடன் 100 கோடியைத் தாண்டினாலோ உள் தணிக்கை கட்டாயம். அதற்குக் கீழே உள்ள கம்பெனியும் ஐ.எஸ்.ஓ. 9001, 14001, 45001 சான்று வைத்திருந்தால், மூன்றிலும் 9.2ஆம் பிரிவு உள் தணிக்கை செய்யச் சொல்கிறது. கதவைச் சட்டம் மூடவில்லை, நாம்தான் மூடி வைத்திருக்கிறோம்.

வழி என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு.

ஒன்று, ஷாப்புக்குள் நட. மேஜையில் உட்கார்ந்து ஆடிட் கற்க முடியாது. பச்சைத் தோல் இறங்கும் இடத்திலிருந்து ஊறவைப்பது, சுண்ணாம்பு, குரோம் டிரம், ஷேவிங், ஃபினிஷிங் வரை கூடவே போ. பிறகு கணக்குப் போடு. இத்தனை கிலோ குரோம் வாங்கினோம், இத்தனை கிலோ தோல் பதனிட்டோம், தண்ணீர் மீட்டர் இவ்வளவு காட்டுகிறது, சுத்திகரிப்பு நிலையத்துக்கு இவ்வளவு போயிருக்கிறது. நான்கும் பொருந்துகிறதா? பொருந்தாத இடத்தில்தான் உன் வேலை ஆரம்பம்.

இரண்டு, எழுதக் கற்றுக்கொள். என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது, ஏன் அப்படி, அதனால் என்ன கெடும், என்ன செய்யலாம். ஐந்து வரி. ஆளைத் திட்டாமல், விஷயத்தை மட்டும். இதைத் தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவனுக்கு இங்கிலீஷில் எழுத வந்துவிடும்.

மூன்று, பேசக் கற்றுக்கொள். சென்னையிலிருந்து வரும் ஆடிட்டருக்கு இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழும் உருதுவும் வீட்டிலேயே வந்துவிடும். உருது தெரிந்தவன் வடக்கிலிருந்து வந்த தொழிலாளியிடமும் பேசிவிடலாம். வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கும் அக்காவிடம், ஜோடிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கூச்சமில்லாமல் கேட்க உன்னால் முடியும்.

நான்கு, சான்றிதழ். சி.ஐ.ஏ. என்ற உலகளாவிய தேர்வை 1941இல் நியூயார்க்கில் தொடங்கிய உள் தணிக்கையாளர் அமைப்பு நடத்துகிறது. மூன்று தாள். இளநிலைப் பட்டதாரிக்கு 2 வருட அனுபவம் வேண்டும், ஆனால் தேர்வை அதற்கு முன்பே எழுத ஆரம்பிக்கலாம். கட்டணம் நம் வீடுகளுக்கு லேசானதல்ல. அதனால் முதலில் கம்பெனி செலவில் ஐ.எஸ்.ஓ. உள் தணிக்கையாளர் பயிற்சி, பிறகு லீட் ஆடிட்டர் பயிற்சி என்று படிப்படியாகப் போ. தோல் ஷாப்புகளுக்கென்றே லெதர் வொர்க்கிங் குரூப் 2005 முதல் இருக்கிறது. அதன் தணிக்கையில் என்னென்ன கேட்கிறார்கள் என்று இன்றைக்கே படி.

இனி பெரியவர்களுக்கு. கல்லூரி முதல்வர்களே, பக்கத்திலேயே இத்தனை தொழிற்சாலை இருக்கும்போது உங்கள் பி.காம். மாணவர் ஒரு டிரம்மைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்குவது நியாயமா? ஒரு பருவத்தில் 10 நாள் ஷாப்புக்குள் அனுப்புங்கள். முதலாளிகளே, "சின்ன யூனிட், ஆடிட்டருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது" என்கிறீர்கள். கழிவுநீரைத் தனித்தனியாகச் சுத்திகரிக்கக் கட்டுப்படியாகவில்லை என்றுதானே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினீர்கள்? அதே மாதிரி பத்து யூனிட் சேர்ந்து நான்கு பிள்ளைகளைப் பொதுவாக வையுங்கள். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்குக் கீழே வைக்காதீர்கள். அவர் கணக்கைப் பார்க்க வேண்டியவன் அவரிடமே சம்பள உயர்வு கேட்டு நின்றால் என்ன எழுதுவான்? நேராக உங்களிடம் பேசட்டும்.

பயமும் நியாயமானதே. "எழுதினா வேலை போயிடும் சார்" என்று ஒரு பழைய மாணவி என்னிடம் சொன்னாள். அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், வீரம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சத்யம் மோசடி 2009இல் வெடித்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் நீதிமன்றம் தண்டித்த 10 பேரில் அந்தக் கம்பெனியின் முன்னாள் உள் தணிக்கைத் தலைவரும் ஒருவர். பொய்ப் பதிவேட்டில் முதலாளி கையெழுத்து இருக்காது தாயே, உன் கையெழுத்துதான் இருக்கும்.

அதனால், "இந்த ரெண்டாவது நோட்டை நீயே எழுதிடு" என்று யாராவது சொன்னால், "சார், முதல் நோட்டுல என்ன தப்புன்னு சொல்லுங்க, அதைச் சரி பண்ணலாம்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை மரியாதையோடு, பயப்படாமல் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் உள் தணிக்கையாளர். அப்படிப் பத்துப் பிள்ளைகள் ஆம்பூரிலிருந்து கிளம்பட்டும். படிக்க உதவி வேண்டுமானால் என் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், ஃபீஸ் கிடையாது.